பக்கத்து சீட்

மேகம் மூடிய மதியம். பழைய வண்டிகளை உடைக்கும் கொட்டகையில் ஒரு பச்சைக் கார் உறுமிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் புதுக் காருக்கு அரசாங்கம் மானியம் தருகிறது. அதற்கு, ஒப்படைக்கும் பழைய காரின் எஞ்சின், சொந்தக்காரர் கண்ணெதிரே சாக வேண்டும். மெக்கானிக் ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சினை உள்ளே கெட்டிப்படுத்தும் கண்ணாடிக் கரைசலை ஊற்றி, ஆக்சிலேட்டர்மேல் செங்கல்லை வைத்திருக்கிறார். இந்நேரம் எஞ்சின் இறுகியிருக்க வேண்டும். புகையைக் கக்குகிறதே தவிர நிற்கவில்லை. ஓட்டுகிற சீட்டில் யாருமில்லை. இத்தனை காலம் இதை ஓட்டி, போன வருடம் இறந்துபோன மனிதர் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிய பள்ளம் மட்டும் இருக்கிறது. "இதுக்கு உசுரு கெட்டிம்மா," என்கிறார் மெக்கானிக். "அவரும் இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கிடந்தாரு," என்கிறாள் பக்கத்தில் நிற்கும், இறந்தவரின் மனைவி. ஜன்னல் பக்கம் குனிகிறாள். "போதுங்க. இறங்குங்க, போலாம்." எஞ்சின் ஒருமுறை இருமி அடங்குகிறது. சீட்டிலிருந்த பள்ளம், ஆள் எழுந்துகொண்டதுபோல, மெல்ல மேலேறிச் சமமாகிறது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலக் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். துடைத்த கையையே திரும்பத் துடைக்கிறார்.

வாசலில் நிற்கும் புதுக் காரில் அவள் ஏறி பெல்ட்டை மாட்டி, வண்டியைக் கிளப்புகிறாள். சத்தமே இல்லை. பிறகு டிங், டிங் என்று மணி அடிக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு மினுக்குகிறது. அவள் அந்த வெற்று சீட்டைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். "இன்னும் இந்தப் பழக்கம் போகலையா உங்களுக்கு," என்று எட்டி, பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுகிறாள். மணி நிற்கிறது.