ஒரே கோப்பு

சாதகப் பொருத்தம் பார்க்க நிரோஜன் எழுதிய நிரல் அவனுடைய கணினியில் மட்டுமே ஓடியது. மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் பரமேஸ்வரி அன்ரி கேட்டதும், நிரலையும் அதற்கு வேண்டிய அத்தனை துணைக் கோப்புகளையும் ஒரே கோப்பாகக் கட்டி சிடியில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

“இனி ஒண்டும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை அன்ரி. அமத்தினால் ஓடும்.”

“ஆரும் உள்ளுக்குப் பூந்து மாத்தேலாதோ?”

“ஏலாது. எல்லாம் பூட்டிக் கட்டியாச்சு.”

அன்ரி மகள் துவாரகாவின் சாதகத்தோடு முதலில் அவனுடையதைத்தான் தட்டிப் பார்த்தாள். பத்துக்குப் பத்து! நிரோஜன் வெட்கத்தோடு தேத்தண்ணீரைக் குடித்தான்.

அடுத்த கிழமை அன்ரி தொலைபேசியில் வந்தாள்.

“தம்பி, துவாரகாவுக்குச் சரிவந்திட்டுது! பேர்கனிலை ஒரு டொக்டர். அவருக்கும் உம்மடை விசாகம்தான். பத்துக்குப் பத்து!”

“அன்ரி, அதிலை ஏதும் பிழை இருக்கும்…”

“உம்மடை புரோகிராம் பிழைக்காதெண்டு துவாரகாவும் ஓமெண்டிட்டாள்.”

மாப்பிள்ளை விசாகமென்றால் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் போடச் சொல்லும் வரியையும் அந்தக் கோப்புக்குள் வைத்துக் கட்டியவன் நிரோஜன்தானே.