பொறுமை மாஸ்டர்

வண்டி மறுபடியும் ஒரு குலுக்கு குலுங்கி நின்றுவிட்டது.

பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுங்கிப் போனான். போகிற போக்கில் ஏதோ திட்டிவிட்டும் போனான்.

“பரவாயில்லம்மா. ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான். அவசரமே இல்ல, இன்னொரு தடவை எடுங்க” என்றார் மாஸ்டர்.

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயரே பொறுமை மாஸ்டர்தான். வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்டியவர்களிடம்கூட அவர் குரலை உயர்த்தியதில்லை. அந்தக் காரில் ஏறுகிற எல்லோருக்கும் வாங்க, போங்கதான். கல்லூரிப் பெண் என்றும் பேரன் எடுத்தவர் என்றும் பார்ப்பதில்லை.

இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் பெற்ற மகள்.

அவளுக்கு நாற்பதாகப் போகிறது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை. அம்மாவின் சாவுக்கு வந்தவள் ஓரமாக நின்றுவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள். போன மாதம் திடீரென்று ஸ்கூல் ஆபீசில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காலை வகுப்புக்கு வந்து நின்றாள். லைசென்ஸ் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாளாம்.

அவளைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்ப்பழக்கத்தில் உக்காருங்க என்று சொல்லிவிட்டார். அவளும் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அப்படியே ஓடுகிறது.

இந்தப் பொறுமையெல்லாம் அவருக்குப் பின்னால் வந்தது. கம்பெனி லாரி ஓட்டிய காலத்தில் மூக்குக்கு மேல் கோபம். வெளியே முதலாளியிடம் வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பார். வீட்டுக்கு வந்தால் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார்.

மகள் காலேஜ் சேர்ந்த வருஷம், கார் ஓட்டச் சொல்லிக்கொடுங்கப்பா என்று ஆசையாகக் கேட்டாள். ஒரே ஒரு நாள்தான். இதே மாதிரி வண்டி நின்றது. நீ எதுக்கும் லாயக்கில்லாத ஜென்மம் என்று கத்தி, நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர்களெல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவள் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்டதில்லை.

ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தபோது ஓனர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: யாராவது அழுதுகொண்டு இறங்கினால் அன்றோடு நீங்களும் வீட்டுக்குப் போகலாம். வயிற்றுப்பாட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்த பொறுமை, போகப் போக உடம்போடு ஒட்டிக்கொண்டது. இப்போது தேடினாலும் கோபம் கிடைப்பதில்லை. ஐம்பதுக்கு மேல் மனுஷன் மாறுவானா என்று யாராவது கேட்டால், மாறுவான் என்று அடித்துச் சொல்வார். அதைப் பார்க்க வேண்டியவள் பக்கத்தில் இல்லையே என்ற ஏக்கத்தை மட்டும் சொன்னதில்லை.

இன்றோடு அவளுக்கு வகுப்பு முடிகிறது. நாளைக்கு அவள் எதற்கு வரப் போகிறாள்? ஒரு மாதமாகியும் அவளுக்கு வண்டி பிடிபடாததில் அவருக்கு ஒரு கள்ளச் சந்தோஷம்கூட இருந்தது. தகப்பன் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி தட்டுத்தடுமாறி ஒரு குடோன் வாசலைத் தாண்டப் போனது.

உள்ளேயிருந்து ஒரு லாரி பின்பக்கமாகவே ரோட்டுக்குப் பாய்ந்தது. கார் இருப்பதைப் பார்க்காமல் வந்துகொண்டே இருந்தது.

மாஸ்டரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் நின்றிருந்தது. கண்ணாடியில் ஒரு பார்வை, உடனே ரிவர்ஸ். ஒரே வளைவில் பின்னால் போய், ஓரமாக நின்ற இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அளவெடுத்த மாதிரி நுழைந்து நின்றது. லாரி முன்னால் உரசாமல் போயிற்று.

வருஷக்கணக்காக ஓட்டிய கைகளுக்குத்தான் அது வரும்.

அவள் கழுத்து வியர்த்திருந்தது.

அந்தக் காரில் அவர் பக்கமும் கிளச், பிரேக் உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒரே கம்பி இணைக்கிறது. அவள் மிதித்தால் அவர் காலடியிலும் இறங்கும். இப்போது கிளச் இறங்கியது. பிறகு பதமாக மேலே வந்து, வண்டி நகரத் துடிக்கிற இடத்தில் அசையாமல் நின்றது. பயந்த கால் அங்கே நிற்காது. அவள் கால் நின்றது, கொஞ்சம் யோசித்தது, பிறகு வேண்டுமென்றே சட்டென்று விட்டது.

இன்ஜின் அணைந்தது.

அவள் ரோட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அவரிடம் கிடைக்கிற ஒரு நல்ல வார்த்தையை, தானும் முன்பின் தெரியாதவளாக வந்து தினமும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள் அவர் மகள்.

எல்லாம் தெரிந்துவிட்டதம்மா என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போல அவருக்கு இருந்தது. சொன்னால் அவள் இறங்கிப் போய்விடுவாள். திரும்பி வர ஒரு சாக்குகூட இருக்காது.

“உங்களுக்கு இன்னும் கை வரலம்மா. இன்னும் ஒரு மாசம் வாங்க” என்றார்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரிங்க மாஸ்டர்.”

அப்பா என்று கூப்பிட இன்னும் எத்தனை வகுப்பு ஆகுமோ, அவருக்குத் தெரியவில்லை.