பாதி வரி

"வீட்டைக் கொஞ்சம் அழுக்காக்கு!" என்று கத்தினார் தையல்காரர். "இப்படிப் பளபளன்னு வச்சிருந்தா எவன் நம்புவான்?"

கல்யாணமான நாள் முதல் அவர் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையை மனைவி கேட்டதில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "காலையிலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு கூட்டினேனே, அப்பவே சொல்றதுக்கு என்ன?"

அவரும்தான் என்ன செய்வார், பாவம். சாமான் ஏற்றி வந்த வண்டி பாதி வழியில் படுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு தையல் மெஷின், நாலு மூட்டை, ஒரு ஸ்டவ். அப்புறம் வாயாடி என்று ஊரே கூப்பிடும் மகள். இவ்வளவை வைத்துக்கொண்டு, ஒரு குடும்பம் இங்கே குடியேறிவிட்டது என்று வரி ஆபீஸ் ஆளை நம்பவைக்க வேண்டும். அதுவும் இருட்டுவதற்குள்.

வீட்டை விற்றுக் கொடுத்த புரோக்கர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "சொந்த வீட்டுல குடியிருக்கறவங்களுக்குப் பாதி வரிதான். ஆனா இன்னைக்குள்ள குடியேறியிருக்கணும், அதுதான் கெடு. ஆள் வந்து பார்ப்பான். வீடு காலியாக் கெடந்தா முழு வரியைத் தீட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் ஆயுசுக்கும் அதேதான்."

பத்திரப் பதிவுக்கு அடுத்த வாரம்தான் நாள் கிடைத்திருக்கிறது, அதுக்காகச் சலுகையைக் கோட்டை விடாதீங்க என்று சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கையில் திணித்தார். இந்தக் காலத்தில் யார் இவ்வளவு அக்கறையாகச் சொல்வார்கள்?

கடையை விற்றாயிற்று. மனைவியின் கழுத்தில் கிடந்ததும் போயிற்று. முழு வரியும் வந்து தலையில் விழுந்தால் சோற்றுக்கே திண்டாட்டம்.

"துணி காயப் போடு! கொடி நிறையத் துணி இருந்தாத்தான் குடும்பம் இருக்கற மாதிரித் தெரியும்."

"நம்ம துணிதான் வண்டியோட மாட்டிக்கிச்சே!"

தையல்காரர் ஒரு நொடி யோசித்தார். பிறகு மூட்டையை அவிழ்த்து, வாடிக்கையாளர்களுக்குத் தைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்த புதுத் துணிகளைத் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டார். தொழிலில் அவர் தெரிந்தே செய்த முதல் பாவம் அது.

மனைவி ஸ்டவ்வில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். வாயாடி, அப்பாவின் சாக்கட்டியை எடுத்துச் சுவரில் பூனை வரைந்தாள். எப்போதும் முதுகில் ரெண்டு வைக்கும் அம்மா, "இன்னும் பெருசா வரைடி என் கண்ணு" என்றாள்.

வாசலில் மணி அடித்தது.

வந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கக்கத்தில் ஒரு பை. "வீட்டைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வாங்க சார், வாங்க! உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டே இருக்கோம்."

அவர் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். பூனையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "சாக்பீஸ்தானே? அழிஞ்சிடும்ல?"

"குழந்தை இருக்கற வீடு பாருங்க சார்" என்று பல்லைக் காட்டினார் தையல்காரர்.

கொடியில் ஒரு பேண்ட் தொங்கியது. தையல்காரரைப் போல ரெண்டு பேர் அதற்குள் தாராளமாகக் குடியிருக்கலாம். வந்தவர் பேண்டையும் பார்த்தார், தையல்காரரையும் பார்த்தார்.

"இவரோடதுதான் சார்" என்று முந்திக்கொண்டாள் மனைவி. "வீட்டுக்காக அலைஞ்சு அலைஞ்சு பாதியா எளைச்சுட்டார்."

அடுத்து பின்பக்கக் கதவு. காலையிலிருந்து தையல்காரர் தோளைக் கொடுத்து முட்டியும் அசையாத கதவு அது. "அது கொஞ்சம் மக்கர் பண்ணும் சார்" என்று அவர் ஓடி வருவதற்குள், வந்தவர் கைப்பிடியை லேசாக மேலே தூக்கி, அடியில் காலால் ஒரு தட்டுத் தட்டினார். கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது. எத்தனை வீடு பார்த்த மனுஷன், இதெல்லாம் அவருக்கு ஜுஜுபி என்று நினைத்துக்கொண்டார் தையல்காரர்.

"நாலு நாள் இருந்துட்டுக் கெளம்பிட மாட்டீங்களே?" என்று கேட்டார் வந்தவர்.

தையல்காரருக்குப் பொசுக்கென்று கண் நிறைந்துவிட்டது. இதுவரை போட்டதெல்லாம் வேஷம். இது வேஷமில்லை.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? இருந்ததையெல்லாம் தொடச்சுக் கொட்டிட்டு வந்திருக்கோம். எங்களுக்குப் போக்கிடம் கிடையாது சார். செத்தாலும் இந்த வாசப்படி வழியாத்தான் என்னைத் தூக்கணும்."

"அட, அழாதீங்க." வந்தவர் அவர் தோளைத் தட்டினார். "வீட்டை இப்படி நேசிக்கறவங்க கெடைக்கறதுதான் கஷ்டம்."

"அப்ப எங்களால உங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லையே சார்?"

"ஒண்ணுமே இல்லை. எனக்குப் பரம திருப்தி."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடையும் நகையும் போனால் போகட்டும், தலைக்கு மேலே ஒரு கூரை நின்றுவிட்டது. தையல்காரர் வாசல் வரை கூடவே போய்க் கை கூப்பினார்.

வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"வாடகையை மட்டும் மாசம் பொறந்ததும் குடுத்துடுங்க."