செண்பகவல்லியின் துக்கம்

பாடகி செண்பகவல்லியின் மனத்தில் எழும் உணர்ச்சியெல்லாம் அவளை ஆதரிக்கும் ஒன்பதாயிரம் ரசிகர்களுக்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். அவளிடம் எதுவும் தங்காது. அவளே கையெழுத்துப் போட்டுச் சம்மதித்த ஏற்பாடுதான்.

அண்ணன் இறந்த அன்று காலை, வந்தவர்களுக்கு அவள் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஜெபராணி என்ற ரசிகை, முன்பின் பார்த்திராத அந்த அண்ணனின் உடலின் காலடியில் விழுந்து கதறினாள்.

செண்பகவல்லி அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"தாங்க முடியலக்கா. நெஞ்சுல பாறாங்கல்ல வச்சு அமுக்குன மாதிரி இருக்கு," என்றாள் ஜெபராணி.

"எந்த இடத்துல?"

ஜெபராணி தொட்டுக் காட்டினாள். செண்பகவல்லி அந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டு, அண்ணனின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.