மீன் பிடிக்கப் போனவர்

"அலெவ்தீனா அக்கா, சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க. வானம் மூடினாப் போதும், உங்க வீட்டுக்காரர் ரிம்மா வாசல்லதான் நிக்கறார்."

கடைக்கார சோயா சொன்னதும் அலெவ்தீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

ரிம்மா அடுத்த தெருக்காரி, தனியாக இருப்பவள். பின்பக்க வேலித் தகராறில் அவளுக்கும் அலெவ்தீனாவுக்கும் பேச்சு நின்று ரொம்ப நாளாகிறது.

அலெவ்தீனாவின் கணவர் வெனியமின் வெயிலடித்தால் வீட்டைவிட்டு நகர மாட்டார். மேகம் போட்டதும், "ஆத்துல மீன் பிடிச்சிட்டு வரேன்" என்று மழைக்கோட்டோடு கிளம்பிவிடுவார். ஒரு மீன்கூட வீடு வந்து சேர்ந்ததில்லை.

அலெவ்தீனா நேராக ரிம்மா வீட்டுக்கு நடந்தாள்.

ரிம்மா வாசலில், சாலையோரத்தில் வெனியமின். கழுத்துவரை மூடிய கோட்டு, ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. ஆளைவிட உயரமாக, வெள்ளைக் குடை விரித்ததுபோல் பூத்திருந்த போர்ஷெவிக் செடிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, மீன் மாட்டிச்சா?"

மண்வெட்டி நின்றது. "அங்கேயே நில்லு. இதோட சாறு பட்ட இடத்துல வெயில் பட்டா தோல் வெந்துடும். அதான் மேகம் பார்த்து வர்றேன்."

"வீட்டுல ஏன் பொய் சொன்னீங்க?"

"ரிம்மா பேரைச் சொன்னா விடுவியா?"

அலெவ்தீனா நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலருகே ரிம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு.

"இந்தச் செடிதானா?"

"ம்."

அலெவ்தீனாவின் குரல் இறங்கியது. ஆனாலும் விடவில்லை. "ஊர்ல பச்சைக் குழந்தைக்கும் தெரியும் இந்தச் செடியைப் பத்தி. கொளுத்தற வெயில்ல எவளாவது தோண்டுவாளா? அவ வாசல் எங்கே ஓடிப்போகுது? ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

வெனியமின் தோண்டிய வேரைப் பையில் போட்டு இறுகக் கட்டினார்.

"அவளுக்குக் கை வெந்தது இங்கே இல்லை, நம்ம வாசல்ல. பேத்தியைக் கூட்டிட்டு வர நாம டவுனுக்குப் போயிருந்தோமே, அன்னிக்கு. குழந்தை தண்டை ஒடிச்சு, குழல்னு வாயில வெச்சு ஊதிடுவாளோன்னு பயந்து, நாம வர்றதுக்குள்ள அங்கே இருந்த செடி எல்லாத்தையும் எடுத்திருக்கா."

அன்று சாயங்காலம் மூன்று பேரும் ரிம்மா வீட்டில்தான் தேநீர் குடித்தார்கள். ரிம்மாவின் கோப்பையை அவள் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தவள் அலெவ்தீனா.