புளியமரத்துக்கு மட்டும்

எந்த ஊரென்று கேட்காதீர்கள், இப்படி ஒரு புளியமரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதில் குடியிருந்த காகங்கள், பூனை வந்தால் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு ரகசியக் கரைதல் வைத்திருந்தன. எதிர் வேப்பமரத்தில் கண் திறக்காத குஞ்சுகளோடு இருந்த மைனாவுக்கு அது புரியவில்லை.

“எனக்கும் சொல்லிக் கொடுங்கண்ணே. குஞ்சுகளை வச்சிருக்கேன்.”

“இந்தச் சேவை வேப்பமரத்துல வேலை செய்யாதும்மா,” என்றது தலைமைக் காகம். “வேணும்னா இங்கேயே குடி வந்துடு.”

கட்டிய கூட்டைத் தலையில் தூக்கிக்கொண்டா போக முடியும்? இரண்டு மரத்திலும் ஓடித் திரிந்த அணில் அந்தக் கரைதலைக் கற்றுக்கொண்டு, மைனாவுக்கு அதன் பாஷையிலேயே சொல்ல ஆரம்பித்தது. விஷயம் தெரிந்ததும் தலைமைக் காகம் கரைதலை மாற்றியது. அணில் அதையும் பிடித்துவிட்டது. காகம் மறுபடி மாற்றியது. வேறு வேலை இருந்தால்தானே!

ஒரு நாள் காவல் காகம் கரைந்தது. “இது இன்னிக்கு உள்ளதா, நேத்து உள்ளதா?” என்று காகங்களே திருதிருவென்று விழித்தன. அணிலும் விழித்தது. அதற்குள் பூனை பாதி வேப்பமரம் ஏறிவிட்டது. மைனா தொண்டை கிழிய, “பூனை! பூனை!” என்று கத்தியது.

அது எல்லோருக்கும் புரிந்தது. பூனை என்றால் காகங்களுக்கு மூக்கு பரபரக்குமே! கூட்டமாய் வந்து கொத்தி விரட்டின. குஞ்சுகள் பிழைத்தன. தலைமைக் காகத்தின் வால்தான் கொஞ்சம் போயிற்று.

ஒரு வாரம் கழித்து அது மிடுக்காக வந்தது. “நம்ம கரைதலை இனி எல்லா மரத்துக்கும் திறந்துவிடறோம். என் யோசனைதான்.”

“பெரிய மனசுண்ணே உங்களுக்கு,” என்றது மைனா. “ஆனா நாங்க ‘பூனை’ன்னே கத்திப் பழகிட்டோம். உங்க பிள்ளைங்களும் இப்ப அதைத்தான் கத்துதுங்க.”