ரீவோவுக்கு ஒரு கூண்டு

மூன்று நாளாகியும் ரீவோ ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கிண்ணத்தில் வைத்தது வைத்தபடியே இருந்தது. பகோலி கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பெத்தவ மேல கோபம்னா என்னைத் திட்டுடா. தண்ணி என்ன பண்ணுச்சு?"

ரீவோ ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான். அதே நேரம் இன்னொரு கண்ணால் அடுப்படியில் நின்ற மருமகள் நோரோவைப் பார்த்தான். பச்சோந்திக்கு அது முடியும்.

மகன் ரீவோ காணாமல் போன நாற்பதாம் நாள் காலையில், அது வாசல் நிலையில் வந்து உட்கார்ந்திருந்தது. கல்லறை சேராத உயிர்தான் பச்சோந்தியாக அலையும் என்பது அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கண்டால் எல்லோரும் நாலடி விலகித்தான் போவார்கள். பகோலி மட்டும் போர்வையை நீட்டி, "வாடா" என்று உள்ளே எடுத்து வந்துவிட்டாள்.

நீலக்கல் தோண்டப் போவதாக நோரோவிடம் சொல்லிவிட்டு ரீவோ கிளம்பியபோது பகோலி ஊரில் இல்லை. அக்காவின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் புதுப் பட்டு சுற்றும் விழாவுக்குப் போயிருந்தாள். ஆடிப் பாடிவிட்டுத் திரும்பி வந்தால் வீட்டில் மகன் இல்லை. எந்தக் குழியில் மண் சரிந்ததோ, யாருக்கும் தெரியவில்லை. பட்டு சுற்ற ஓர் எலும்புகூடக் கிடைக்காமல் அவன் எப்படி அப்பன் பாட்டனோடு போய்ச் சேருவான்? அந்த நினைப்புதான் அவளை அரித்துத் தின்றது.

கூண்டு கட்டியது நோரோ. மூங்கில் சட்டம் அடித்து, கொசுவலை போர்த்தி, உள்ளே கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினாள். நிழலுக்கு ஒரு காபிக் கன்று நட, அடியில் அரை முழத்துக்கு மண் வேண்டியிருந்தது.

"கொல்லை மண்ணே பொலபொலன்னு இருக்கே. ஆத்தங்கரைக்கு ஏன்டி போற?"

"கொல்லையில கரையான் அத்தை."

இரண்டு கூடை மண்ணையும் இடது இடுப்பிலேயே சுமந்து வந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. ரீவோவுக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். கை ஒடிந்த அன்றைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதும் பகோலிதான், கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னதும் பகோலிதான்.

தண்ணீர் விஷயத்தையும் நோரோதான் கண்டுபிடித்தாள். விடியலில் இலை நுனியில் நின்ற பனித்துளியை அது நக்குவதைப் பார்த்தாள். உடனே ஒரு தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுக் கூண்டுக்கு மேலே தொங்கவிட்டாள். இலைமேல் சொட்டுச் சொட்டாக விழ விழ, ரீவோ குடித்துக்கொண்டே இருந்தான். பகோலி வாய்விட்டு அழுதாள்.

அப்புறம் காலை வெயில், வேளைக்கு ஏழெட்டு வெட்டுக்கிளி. பகோலியின் விரலிலிருந்தே வாங்கித் தின்றான். ஆனால் நோரோ கிட்டே வந்தால் போதும், உடம்பெல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுத்துவிடும்.

"உன்னைக் கண்டா மட்டும் ஏன்டி இப்படிக் கறுக்குறான்?"

"பழக்கம் பத்தல அத்தை."

ஒருநாள் மதியம் நோரோ கூண்டோடு பேசுவது பகோலியின் காதில் விழுந்தது. "இன்னும் நான் என்ன செய்யணும்? சொல்லிட்டுப் போயிடுங்களேன்."

இரண்டாம் மாதம் ரீவோவின் வயிறு உப்பியது. தீனியைத் தொடவில்லை. கீழே இறங்கி மண்ணைப் பறிக்க ஆரம்பித்தான். பகலெல்லாம் வீட்டுக்குள் அந்தப் பிறாண்டல் சத்தம்தான். நோரோவும் சாப்பாட்டைத் தொடவில்லை. மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மண்ணுக்குள்ள கிடக்கேன்னு சொல்றான்டி! என்னமோ காட்ட வர்றான்!" என்று பகோலி பரபரத்தாள்.

நாலாம் நாள் காலையில் குழி மூடிக் கிடந்தது. ரீவோ ஒட்டிய வயிற்றோடு மேல் கிளையில் இருந்தான். பகோலி வலையை விலக்கிக் கையை விட்டாள்.

"தோண்டாதீங்க அத்தை!" நோரோ ஓடிவந்து கையைப் பிடித்தாள். பகோலி உதறிவிட்டு மண்ணைக் கிளறினாள்.

வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. எலும்பா? வெளியே எடுத்தால் முட்டை! இன்னொன்று, இன்னொன்று என்று இருபதுக்கு மேல் வந்தன.

பகோலி முட்டையைப் பார்த்தாள், பச்சோந்தியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பொட்டைடி! இது பொட்டை! இவ்வளவு நாளா எவளுக்கோ வெட்டுக்கிளி ஊட்டியிருக்கோம்! என் மகன் உயிர் இது இல்லடி. அப்போ அவன் சாகல!"

பெட்டியைத் திறந்து, மகன் எலும்பு கிடைத்தால் சுற்றவென்று நெய்து வாங்கியிருந்த சிவப்புப் பட்டை எடுத்து வந்து நோரோவின் மடியில் போட்டாள்.

"நெய்தவகிட்டயே திருப்பிக் குடுத்துடு. இனி வாசக்கதவைச் சாத்தாத. தினம் அவனுக்கும் சேர்த்து உலை வை. பத்து வருஷம் ஆனாலும் நான் காத்துக்கிட்டிருப்பேன்."

நோரோ பட்டை மெல்லத் தடவினாள். அவள் முகத்தில் இத்தனை நாள் இருந்த பயம் இப்போது இல்லை. எழுந்து, பட்டை மடித்து மாமியார் கையிலேயே திரும்ப வைத்தாள். கொல்லைக் கதவைத் திறந்தாள்.

"எடுத்துக்கிட்டு வாங்க அத்தை. அவரு எங்க இருக்காருன்னு காட்டுறேன்."